எற்பாட்டில் ஒரு வருகை

நுழையும்முன்

மலையூருக்குச் செல்வோர் காலையிலேயே சென்று சேர விரும்புவர். பிற்பகலில் தாமதமாகச் சேர நேர்ந்தால் அந்நாள் வீணாயிற்று என வருந்துவர். பொருநை மலையிறங்கும் பாபநாசத்திற்கு அவ்வாறு தாமதமாக வந்து சேர்ந்த ஒரு குடும்பத்தின் மாலைப்பொழுதையும், மலையடிவாரத்து மாலை தன்னைக் கண்டறிவோருக்கு வழங்கும் செல்வங்களையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

அடைக்கப்பட்ட வாயில்

மே மாதத்தின் இறுதி நாள்களுள் ஒன்று. மதுரையிலிருந்து புறப்பட்ட பேருந்து வழியில் பழுதடைந்து நின்றமையால் அக்குடும்பத்தினர் நண்பகலில் சேரவேண்டிய திருநெல்வேலிக்கு இரண்டு மணிக்குமேல்தான் வந்து சேர்ந்தனர். அங்கிருந்து செங்கோட்டை செல்லும் தொடர்வண்டியில் ஏறினர். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என ஊர்கள் ஒவ்வொன்றாகக் கடந்து சென்றன. ஒவ்வொரு நிலையத்திலும் தந்தை தம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். அம்பாசமுத்திரத்தில் இறங்கிப் பேருந்து பிடித்துப் பாபநாசம் சேர்ந்தபோது மணி ஐந்தை நெருங்கிவிட்டது.

தந்தை வகுத்திருந்த திட்டம் விரிவானது. அன்றே அகத்தியர் அருவியில் நீராடுவது, காரையாறு அணையைக் காண்பது, மறுநாள் காலையிலேயே குற்றாலத்திற்குப் புறப்படுவது என அனைத்தையும் அவர் நேரம் குறித்து எழுதி வைத்திருந்தார். பாபநாசத்திற்கு மேலே உள்ள காடு களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமாக 1988ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட பகுதி அது. மாலையானதும் காட்டுச்சாலை மனிதருக்குரியதன்று, விலங்குகளுக்குரியது. எனவே, சோதனைச்சாவடியில் நின்ற வனக்காவலர் பணிவாக மறுத்தார்.

“இனிமே மேலே விடமுடியாது ஐயா. காலையில வாங்க.”

தந்தைக்கு முகம் வாடியது. “ஒரு நாளே வீணாயிற்று” என்றார். பதினோராம் வகுப்பு முடித்திருந்த மகனுக்கும் ஏமாற்றமே. அவர்களுள் வருந்தாதவர் ஆச்சி ஒருவர்தாம். எழுபது வயதைக் கடந்த அம்மூதாட்டி பையைப் பேரனிடம் கொடுத்துவிட்டு, “எய்யா, எதுக்கு இவ்வளவு வருத்தம்? கோயில் படித்துறையில போய் உக்காருவோம். ஆறு எங்க ஓடிரப் போகுது?” என்றார்.

“ஓடிக்கிட்டுத்தான இருக்கு ஆச்சி” என்றான் பேரன். மூவரும் சிரித்தனர். அச்சிரிப்போடுதான் அம்மாலை தொடங்கியது.

எல்லும் பாடும்

பழந்தமிழர் ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தனர். காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை என்பன அவை. ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது நான்கு மணிநேரம் கொண்டது. பிற்பகல் இரண்டு மணி முதல் ஆறு மணி வரையிலான பொழுதே எற்பாடு. ‘எல்’ என்பது கதிரவனைக் குறிக்கும். ‘பாடு’ என்பது படுதல், மறைதல். கதிரவன் சாயும் பொழுதுக்கு அத்துணைப் பொருத்தமான பெயர் அது.

இலக்கண நூலார் எற்பாட்டை நெய்தலுக்கும், மாலையை முல்லைக்கும், யாமத்தைக் குறிஞ்சிக்கும், வைகறையை மருதத்துக்கும், நண்பகலைப் பாலைக்கும் உரியதாக வகுத்தனர். பொருநை என்றும் தண்பொருநை என்றும் இலக்கியங்கள் குறிப்பிடும் தாமிரபரணி, பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 128 கி.மீ. மட்டுமே. அக்குறுகிய தொலைவுக்குள் குறிஞ்சியும் முல்லையும் மருதமும் நெய்தலும் அடுத்தடுத்து அமைந்துவிடுகின்றன. கடற்கரையிலிருந்து பொழுது சாயும் நேரத்தில் ஆற்றை எதிர்த்து மேற்கே பயணம் செய்பவர் நெய்தலின் எற்பாட்டில் புறப்பட்டுக் குறிஞ்சியின் யாமத்தில் உறங்கலாம். வேறெந்த நெடிய ஆற்றின் கரையிலும் ஒரே நாளில் இஃது எளிதாகக் கைகூடுவதில்லை.

மலை மறைக்கும் கதிர்

பாபநாசநாதர் கோயிலின் முன்னே ஆறு அகன்று பாய்கிறது. படித்துறையில் அமர்ந்தவர்களுக்கு முன்னே பெரிய மீன்கள் கூட்டமாக மேலெழுந்தன. பக்கத்தில் இருந்தோர் பொரியை அள்ளித் தூவினர். மீன்களின் வாய்கள் நீர்ப்பரப்பில் குமிழிகளைப் போலத் தோன்றி மறைந்தன.

சிறிது நேரத்தில் பேரன் ஒன்றைக் கவனித்தான். மணி ஆறு ஆகவில்லை. ஆனால், படித்துறையில் வெயில் இல்லை. எதிர்க்கரை மரங்களின் உச்சியில் மட்டும் மஞ்சள் ஒளி எஞ்சியிருந்தது. கிழக்கே நெடுந்தொலைவில் வயல்கள் இன்னும் வெயிலில் மின்னின. மலையின் நிழல் ஆற்றைக் கடந்து, சாலையைக் கடந்து, வயல்களை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

“அப்பா, பொழுது சாய ஆறரை ஆகும் என்றீர்களே?”

“ஊர்க்கணக்குப்படி ஆறரை. மலை இங்கே குறுக்கே நிற்கிறதே” என்றார் தந்தை.

பள்ளியில் கற்ற கோணவியல் பேரனுக்கு நினைவுக்கு வந்தது. ஊரிலிருந்து 6 கி.மீ. தொலைவில், ஊர்மட்டத்துக்கு மேல் 1000 மீட்டர் உயர்ந்த மலைமுகடு ஒன்று இருப்பதாகக் கொண்டான். அதன் உச்சி அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 9.5 பாகை உயரத்தில் தெரியும். நெல்லைச் சீமை நிலநடுக்கோட்டிலிருந்து 8.7 பாகை வடக்கே மட்டும் உள்ளது. ஆதலால், இங்குக் கதிரவன் ஏறக்குறையச் செங்குத்தாகவே இறங்குகிறான். ஒரு மணிநேரத்தில் 14 பாகை அளவுக்கு இறங்கிவிடுகிறான். ஆகவே, சமவெளியில் மறைவதற்கு ஏறத்தாழ 40 நிமிடம் முன்னதாகவே மலையடிவாரத்தில் மறைந்துவிடுவான். கணக்கைத் தொடர்வண்டிச் சீட்டின் பின்புறத்தில் போட்டு முடித்துத் தந்தையிடம் நீட்டினான் பேரன். தந்தை அதை இருமுறை சரிபார்த்தார். அன்று நண்பகலுக்குப்பின் அவர் கடிகாரத்தை மறந்திருந்த முதல் கால்மணிநேரம் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

மலையின் கீழைச்சரிவில் அமைந்த ஊர்கள் அனைத்துக்கும் இவ்வியல்பு பொது. குற்றாலத்திலும் களக்காட்டிலும் மாலை முன்கூட்டியே வந்துவிடும். இதனை அறியாத பயணி, “இன்னும் ஒரு மணிநேரம் வெளிச்சம் இருக்கும்” என்று எண்ணி மலைப்பாதையில் ஏறி, இருளில் அகப்பட்டுக்கொள்வதுண்டு. மேலும், வெப்பமண்டலத்தில் அந்திவெளிச்சமும் குறுகியது. கதிரவன் மறைந்தபின் இருபது நிமிடங்கள் கடந்ததும் பாதையிலுள்ள கல்லும் வேரும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

ஆல்ப்சு மலையூர்களில்

ஐரோப்பாவின் ஆல்ப்சு மலையூர்களும் இத்தகைய நிழலோடு வாழப் பழகியவையே. வடக்கே நெடுந்தொலைவில் இருப்பதால் அங்குக் கதிரவன் சாய்வாக இறங்குகிறான், அந்தி நீள்கிறது. கோடையில் ஒன்பது மணிக்குப் பின்னரும் வெளிச்சம் இருக்கும். குளிர்காலத்திலோ ஆழ்ந்த பள்ளத்தாக்குகள் சில நாள்கணக்கில் வெயிலையே காண்பதில்லை. இத்தாலியிலுள்ள விகனெல்லா என்னும் சிற்றூரில் நவம்பர் 11 முதல் பிப்ரவரி 2 வரை கதிரொளி நேராக விழுவதில்லை. எனவே, அவ்வூரார் 2006ஆம் ஆண்டு எதிர்மலைச்சரிவில் பெரிய கண்ணாடி ஒன்றை நிறுவி, அதன்வழியே வெயிலைத் தம் ஊர்ச்சதுக்கத்தில் விழச் செய்தனர்.

அம்மலையூர்களிலும் பிற்பகலில் வந்து சேர்வோர் கொடுமுடிகளை மறுநாளுக்கு ஒதுக்கிவிடுவர். மலையேற்றும் கம்பிவட ஊர்திகள் மாலையில் நின்றுவிடும். எஞ்சிய வெளிச்சத்தில் ஊர்த்தெருக்களில் நடப்பதும், ஆற்றோரம் அமர்வதும், நேரத்தோடு உண்டு உறங்குவதுமே அங்குள்ள வழக்கம். மலையில் உயரம் கூடக்கூட உடலுக்கு ஓய்வு தேவை என்பதும் அதற்கொரு காரணம். நம் பொதிகை அடிவாரத்தில் அத்துணை உயரம் இல்லை. ஆயினும், முதல் மாலையை ஊருக்குக் கொடுத்து மறுநாள் காலையை மலைக்குக் கொடுக்கும் அம்முறை இங்கும் பொருந்துவதே.

ஆறு சொன்ன செய்தி

இருள் கவிவதற்குச் சற்று முன்பு காற்று திசை மாறியது. பகலில் வெயிலால் சூடேறிய சரிவுகள் மாலையில் விரைந்து குளிர்கின்றன. அவற்றின்மேல் உள்ள காற்றும் குளிர்ந்து, கனம் மிகுந்து, பள்ளத்தாக்கு வழியே கீழிறங்குகிறது. மே மாதப் புழுக்கத்தில் வந்த அக்குளிர்காற்றில் ஆச்சி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மேற்கே மலையுச்சியை நெடுநேரம் பார்த்தார். உச்சியைக் கருமுகில் மூடியிருந்தது. படித்துறைக்கு மேலே வானம் தெளிவாகவே இருந்தது.

ஆற்றின் நடுவே பாறையொன்றின்மேல் இளைஞர் நால்வர் நின்று ஒருவரையொருவர் படம்பிடித்துக்கொண்டிருந்தனர். ஆச்சியின் பார்வை மலையிலிருந்து இறங்கி அவர்கள் காலடி நீரில் நிலைத்தது. தெளிந்திருந்த நீரில் மெல்லிய செந்நிறம் ஏறியிருந்தது. சருகுகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தன. முன்பு வெளியே தெரிந்த படி ஒன்று நீருக்குள் மறைந்திருந்தது.

ஆச்சி எழுந்து நின்றார். அவ்வளவு உரத்த குரல் அவருக்கு உண்டு என்பதைப் பேரன் அன்றுதான் அறிந்தான். “ஏ தம்பிகளா! கரைக்கு வாங்க! தண்ணி நிறம் மாறுது, உடனே வாங்க!”

இளைஞர்கள் முதலில் சிரித்தனர். தந்தையும் படியிறங்கிக் கைகாட்டி அழைத்தபின் கரையேறினர். மேலும் கால்மணிநேரத்தில் அவர்கள் நின்றிருந்த பாறையின் தலை மட்டும் தெரிந்தது. வெள்ளம் என்று சொல்லும் அளவுக்கு அது பெருகவில்லை. மலைச்சரிவில் பெய்த மழையோ, மேலே திறந்துவிடப்பட்ட நீரோ, எதுவாயினும் அன்று எவர்க்கும் தீங்கு நேரவில்லை. இளைஞர்களுள் ஒருவர் மட்டும் ஆச்சியின் அருகில் வந்து ஒன்றும் சொல்லாமல் சிறிது நேரம் நின்றுவிட்டுப் போனார்.

அந்த எச்சரிக்கை மிகையானதன்று. கோடையிலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும் பிற்பகலில் மலையுச்சியில் இடிமழை பெய்வது இயல்பு. கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மேலே பெய்த நீர் ஓடைகளில் திரண்டு பாய்ந்து வந்துவிடும். 2024ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் பழைய குற்றாலம் அருவியில் அவ்வாறு திடீரெனப் பெருகிய வெள்ளம் ஒரு பள்ளி மாணவனின் உயிரைக் கவர்ந்தது. ஆகவே, பிற்பகலில் அருவிக்கோ ஆற்றுக்கோ செல்வோர் முதலில் நோக்கவேண்டியது மலையுச்சியை. நீர் கலங்குதல், சருகு மிதந்து வருதல், இரைச்சல் மிகுதல், படிகள் மறைதல் ஆகிய நான்கும் ஆறு தரும் அறிவிப்புகள். அவற்றுள் ஒன்றைக் கண்டாலும் கரையேறிவிடுதல் வேண்டும்.

மாலையில் வரும் பிற விருந்தினர்

பாபநாசத்திலிருந்து ஆற்றின் போக்கிலேயே கிழக்கே சென்றால், கடனா நதி தாமிரபரணியோடு கலக்குமிடத்தில் திருப்புடைமருதூர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கும் நாள்தோறும் பொழுது சாயும் வேளையில் விருந்தினர் வந்து சேர்கின்றனர். பறவைகள்தாம் அவ்விருந்தினர். கொக்கும் நாரையும் வயல்களிலும் குளங்களிலும் இரைதேடிவிட்டு ஊர்நடுவே உள்ள பெருமரங்களுக்குத் திரும்புகின்றன. அவ்வூர் மக்கள் அவற்றைத் தொல்லை செய்வதில்லை. பிறர் தொல்லை செய்யவும் விடுவதில்லை. 2005ஆம் ஆண்டு அவ்விடம் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அரசின் அறிவிப்புக்கு முன்பே ஊராரின் விருந்தோம்பல் அங்கு இருந்தது. பறவைகளின் அந்த வரவைக் காண விடியலில் செல்வதைவிட எற்பாட்டின் இறுதியில் செல்வதே சிறப்பு.

விருந்தோம்பலால் புகழ்பெற்ற மற்றோரிடம் குற்றாலம். ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் தம் பிற்காலத்தில் அங்கு வாழ்ந்தார். அவரைத் தேடி வந்த எழுத்தாளர்களும் தலைவர்களும் அருவியில் நீராடி, அவரோடு உண்டு, அவர் கவிதை சொல்லக் கேட்டு மகிழ்ந்தனர். ஒரே பாடலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அதன் சுவையை உணர்த்துவது அவர்தம் முறை. ஓர் ஊரைக் காணுதற்கும் அது நல்ல முறையே. ஐந்து இடங்களை ஓடியோடிப் பார்ப்பவர் கண்டதைவிட, ஓரிடத்தில் அமர்ந்து ஒளி மாறுவதைப் பார்த்திருப்பவர் காண்பது மிகுதி.

குற்றாலத்துக்குச் சாரல் காலத்தில் பிற்பகலில் சென்று சேர்வோர்க்கும் மாலை வெறுமையாவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து, சூன் முதல் ஆகத்து வரை அங்குச் சாரலைத் தூவுகிறது. கடைத்தெருவில் மங்குசுத்தானும் ரம்புட்டானும் குவிந்திருக்கும். நடராசரின் ஐந்து சபைகளுள் ஒன்றான சித்திரசபையில் சுவரோவியங்கள் உள்ளன. பேரருவியில் இரவிலும் விளக்கொளியில் நீராடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பகற்கூட்டம் குறைந்தபின் அருவியின் ஓசையை முழுமையாகக் கேட்கலாம்.

ஆச்சியின் படித்துறை

கோயிலில் மாலைப் பூசைக்கு மணி ஒலித்தது. ஆறு மெல்லத் தணிந்தது. நீர் இறங்கிய படிகளில் பழந்துணிகள் சில ஒட்டிக்கிடந்தன. பாபநாசத்தில் நீராடுவோர் சிலர் தம் ஆடையை ஆற்றில் விட்டுச் செல்கின்றனர். பாவம் அதனோடு கழிந்துவிடும் என்பது அவர்களது நம்பிக்கை. விட்ட துணி கழிந்துபோவதில்லை. பாறையிலும் வேரிலும் சிக்கி அழுகுகிறது. மீனுக்கும், இவ்வாற்றையே குடிநீராகக் கொண்ட கீழ்க்கரை ஊர்களுக்கும் கேடாகிறது. அதனை அள்ளி அகற்றுவதையே தொண்டாகச் செய்வோரும் இங்குண்டு.

பேரன் ஒரு கழியைத் தேடி எடுத்து, கைக்கெட்டிய துணிகளை இழுத்துக் கரையில் குவித்தான். தந்தையும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு உதவினார். ஆச்சி அவர்களைப் பார்த்தவாறே பேசத் தொடங்கினார்.

அவர் பிறந்தது கல்லிடைக்குறிச்சியில். சிறுமியாக இருந்தபோது, கார் பயிருக்கு அணை திறக்கும் சூன் மாதத்தில் தம் தந்தையோடு மாட்டுவண்டியில் இப்படித்துறைக்கு வருவார். மணமாகி வேற்றூர் சென்றபின் வருகை குறைந்தது. கணவர் மறைந்தபின் வரவே இல்லை. இருபது ஆண்டுகளாயின. “இங்க ஒரு பொழுது முழுக்க உக்காரணும்னு ஆசை. உன் திட்டத்துல அரைமணிநேரந்தான் எழுதியிருந்த. கேக்கலாமா வேண்டாமான்னு இருந்தேன்” என்றார் மகனிடம்.

மகன் மறுமொழி கூறவில்லை. சட்டைப்பையில் இருந்த திட்டத்தாளை எடுத்தார். மறுநாள் காலையில் குற்றாலம் புறப்படுவதாக எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு, அதனைப் பேரனிடம் கொடுத்தார். “நாளைக்கு என்ன செய்யலாம் என்பதை ஆச்சியிடம் கேட்டு நீயே எழுது” என்றார்.

மலை முகம் காட்டிய காலை

மறுநாள் வைகறை முடியும் வேளையில் மூவரும் மீண்டும் படித்துறைக்கு வந்தனர். முன்மாலையில் அவர்கள் கண்டது மலையின் உருவக்கோடு மட்டுமே. கதிரவன் மலைக்குப் பின்னே இருந்தமையால் சரிவு முழுவதும் ஒரே கருநீலமாகத் தோன்றியது. இப்பொழுது கிழக்கே எழுந்த கதிர் மலையின் முகத்தில் நேராக விழுந்தது. முதலில் முகடு சிவந்தது. பின்னர் பொன்னிறம் சரிவில் இறங்கியது. மடிப்புகள், பாறைகள், ஓடைகளின் வெண்கோடுகள், காட்டின் பல்வேறு பச்சை என ஒவ்வொன்றாகத் துலங்கின. மாலையில் மலையிலிருந்து ஊருக்கு இறங்கி வந்த நிழல் காலையில் ஊரிலிருந்து விலகிச் சென்றுவிட்டது.

மலையை மாலையில் மட்டும் கண்டவர் அதன் உருவை அறிவார்; காலையில் மட்டும் கண்டவர் அதன் நிறத்தை அறிவார். முந்தைய நாள் பிற்பகலில் வந்து சேர்ந்தமையாலேயே அக்குடும்பத்தினர் இரண்டையும் கண்டனர்.

சோதனைச்சாவடி திறந்தது. அதே வனக்காவலர் நின்றிருந்தார். பேரன் புதிய திட்டத்தாளைத் தந்தையிடம் நீட்டினான். அகத்தியர் அருவி, காரையாறு ஆகிய இரண்டோடு காலை நிகழ்ச்சி முடிந்திருந்தது. அதன் கீழே, மாலை நான்கு மணி முதல் இருட்டும் வரை என்று குறித்து, ‘படித்துறை’ என்று மட்டும் எழுதியிருந்தான்.

தெரிந்து தெளிவோம்

மலையடிவாரத்து ஊருக்குப் பிற்பகலில் சென்று சேர்வோர் கருதத்தக்கவை:

● மலையின் கீழைச்சரிவில் கதிரவன் முன்னதாகவே மறையும். வெளிச்சம் இருக்கும் நேரத்தை அதற்கேற்பக் கணக்கிடுதல் வேண்டும்.
● காட்டுவழிப் பயணத்தையும் அருவிகளையும் மறுநாள் காலைக்கு ஒதுக்கலாம். கோயில், படித்துறை, கடைத்தெரு ஆகியவற்றுக்கு மாலையே ஏற்றது.
● நீரில் இறங்குமுன் மலையுச்சியில் முகில் உள்ளதா என நோக்குதல் வேண்டும்.
● ஆற்றில் துணி, நெகிழிப்பை, வழலைக்கட்டி உறை ஆகியவற்றை விட்டுவருதல் கூடாது.
● உடன் வந்திருக்கும் முதியோர் எதனைக் காண விழைகின்றனர் எனக் கேட்டறிந்து திட்டமிடுதல் நன்று.